ஆக்ராய்ட் தொடாத ஷவர்

இந்த மனுஷன் ஷவரில் ஒருமுறை குளித்துத் தொலைத்தால்தான் என்ன? தெல்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. குடியிருப்பவரின் குளியலைப் பற்றி வீட்டுக்காரி எப்படிப் பேசுவது?

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அவள் வாடகைக்கு விட்டிருந்தது அந்த ஒரு வீட்டைத்தான். புழங்காத குழாயில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில் ஒரு கிருமி வளரும். ஷவரைத் திறந்தால் திவலையோடு நுரையீரலுக்குள் போய் ஆளையே முடித்துவிடும். அதைத் தடுப்பது சட்டப்படி வீட்டுக்காரியின் கடமை. அங்கே குடியிருந்த ஆக்ராய்டோ எழுபதைத் தாண்டிய தனிமனிதர். தொட்டிக் குளியல்தான் பழக்கம் என்று சொல்லிவிட்டார்.

கிருமி சாகட்டும் என்று வெந்நீர்க் கலத்தின் சூட்டைக் கூட்டினாள். சுடுகிறது, இனி ஷவர் பக்கமே போகமாட்டேன் என்றார். சூட்டைத் தணிக்கும் வால்வு பொருத்தினாள். அது உறுமுகிறது என்றார். வாரம் ஒருமுறை சும்மாவாவது திறந்துவிடச் சொன்னாள். மறந்துவிடுகிறது என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

கடைசியில் வியாழன்தோறும் அவளே போனாள். திவலை பறக்காமலிருக்க ஷவரில் பையைக் கட்டி நீரை ஓடவிட்டு, கதவுக்கு வெளியே நிற்பாள். அவர் அவளை எதற்கும் அழைத்ததில்லை. தேநீர் மட்டும் தற்செயலாகத் தயாராக இருக்கும், இரண்டு கோப்பைகளில். போகப்போக எலுமிச்சை கேக்கும் தற்செயலாக வந்தது.

"ஏன்டி, லிப்ஸ்டிக் போட்டாத்தான் அங்க தண்ணி வருமோ?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு மேவிஸ்.

தெல்மாவுக்குச் சுருக்கென்றது. கிருமிக்காகத்தான் போகிறேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகவே நம்ப முடிந்தது. ஷவரையே கழற்றிவிடுவது என்று முடிவு செய்தாள்.

குழாய் வேலை செய்யும் பார்னபியைக் கூட்டிக்கொண்டு போனபோது ஆக்ராய்ட் மறுப்புச் சொல்லவில்லை. கேக் வெட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பார்னபி ஷவருக்கடியில் இருந்த வடிகால் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"யாரும் குளிக்கிறதில்லன்னா சொன்னீங்க? உள்ள சோப்பு நுரை இன்னும் அடங்கலம்மா. மேல மட்டும் பளிச்சுனு துடைச்சு வச்சிருக்காரு. தினமும் இதுலதான் குளிக்கிறாரு மனுஷன்."

தெல்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழையில் குடையில்லாமல் அவர் ரோஜாச் செடியை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரி, கழட்டிடவா?" என்றான் பார்னபி.

"வேண்டாம்ப்பா," என்றாள் தெல்மா, மெல்ல. "சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல. நானே வியாழக்கிழமை வந்து திறந்துவிட்டுக்கிறேன்."