நஞ்சுண்டன் போட்ட கண்டிசன்கள்

மகள் ரித்திகாவின் மூளை வளர்ச்சியைப் பற்றி நஞ்சுண்டன் கவலைப்பட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அதுவரை ஐந்து வருஷமாக அந்தக் கவலையை மனைவி அன்புச்செல்வியிடமே விட்டு வைத்திருந்தான்.

அன்றைக்கு, கணபதியில் அவன் வேலை பார்க்கும் மோட்டார் பம்பு கம்பெனி கேன்டீனில், கூட வேலை செய்யும் மனோஜ்குமார் ஒரு சின்ன வீடியோ கேமை அவன் கையில் கொடுத்தான். உள்ளே கார் பந்தயம். நஞ்சுண்டன் ஓட்டினான். கார் வளைந்தபோது நாற்காலியோடு சேர்ந்து இவனும் வளைந்தான். தயிர்சாதம் காய்ந்தது. மேனேஜர் பின்னால் வந்து நின்று கனைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஆடிக்கொண்டிருந்தவனுக்கு வயது நாற்பது.

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே முடிவு கட்டியிருந்தான். குழந்தைக்கு ஒரு கேம் வேண்டும். ஆமாம், குழந்தைக்குத்தான்.

வாங்கித் தருவதற்கும் ஆள் இருந்தது. அடுத்த மாதம் ரித்திகாவுக்குக் காதுகுத்து. பெருந்துறையில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கும் தாய்மாமன் மதன்குமார் சீர் கொண்டு வருவான். ஆனால் மச்சானிடம் இன்ன சாமான் என்று பெயர் சொல்லிக் கேட்டால் மாப்பிள்ளை கௌரவம் என்னாவது? பொறுப்பான தகப்பனாகக் கண்டிசன் மட்டும் போடலாம். கண்டிசனைக் கேட்டதும் கடைக்காரனே அந்தக் கேமை எடுத்து நீட்டிவிடுவான். இத்தனை மூளையை நஞ்சுண்டன் கம்பெனிக்காக ஒருநாளும் செலவழித்தது கிடையாது.

"அம்மணி, சீருல பாப்பாவுக்கு ஒரு கேம் வெச்சா நல்லதுன்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடு."

"கேமுங்களா? அஞ்சு வயசுப் புள்ளைக்கா?"

"மூளை வளரோணுமல்ல. ஆனா கண்டதையும் வாங்கப்படாது. சுடறது, வெட்டறது ஆகவே ஆகாது."

"அதுஞ் சரித்தானுங்க."

"நெட்டு இருக்கப்படாது. எவனாவது உள்ள பூந்து பேசிப்போடுவான்."

"ஐயோ, ஆமாங்க."

"கைக்கு அடக்கமா இருக்கோணும். ரெண்டு பக்கமும் பட்டன் வேணும். ரெண்டு கட்டைவிரலும் ஓடுனாத்தான் மூளை ரெண்டு பக்கமும் வளரும்." இந்த விஞ்ஞானம் கேன்டீனில் பிறந்தது.

"கண்ணு கெட்டுப் போகாதுங்களா?"

"கெடுக்காததா வாங்கச் சொல்லு."

"சார்ஜு போடறேன்னு பிளக்குல கைய வெச்சுப்போட்டா?"

கையில் வந்த கேம் நழுவிவிடக் கூடாதே என்று நஞ்சுண்டன் பதறினான். "அந்தத் தொந்தரவு இல்லாததா பாக்கச் சொல்லு. தெனம் அரை மணி நேரந்தான். அப்பறம் புடுங்கி வெச்சரோணும். கண்டிசன்னா கண்டிசன்."

"கலருங்க?"

"செகப்பு." யோசிக்காமலே வந்தது பதில். மனோஜ்குமாருடையது சிவப்பு.

அன்புச்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். போன பிறந்தநாளுக்கு ரித்திகாவுக்கு வந்த ரிமோட் காரை அவள் மறக்கவில்லை. ஓட்டிக் காட்டுகிறேன் என்று தெருவுக்குக் கொண்டுபோய், பால் வண்டிச் சக்கரத்தில் விட்டு அப்பளமாக்கியவன் இந்தப் பொறுப்பான தகப்பன். குழந்தை அன்றைக்கு மட்டும் அழுதாள். இவன் அந்த வாரம் முழுக்கச் சிணுங்கினான்.

அவன் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டாள். ஒரு கண்டிசன் விடாமல் ஒப்பித்தாள். நஞ்சுண்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முதல் உறவில் யாரைக் கண்டாலும், குழந்தைகளுக்குக் கேம் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தான். சாப்பிட்ட தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்து, இல்லாத வளைவுகளில் ஒடித்துத் திருப்பிப் பழகிக்கொண்டான்.

காதுகுத்து, ஆனைமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில். மாமன் மடியில் உட்கார்ந்து ரித்திகா வீறிட்டு ஓய்ந்தாள். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், பட்டுப்பாவாடை, கடைசித் தட்டில் மினுமினுப்புத் தாள் சுற்றிய பெட்டி.

"நானே பிரிக்கறேன். பாவம், புள்ளைக்குக் காது வலிக்கும்" என்று நஞ்சுண்டன் பாய்ந்தான்.

உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பா நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு குச்சி, அடியில் ஐந்து குட்டி வளையங்கள். இரண்டு பக்கமும் பட்டன். அமுக்கினால் வளையம் துள்ளி எழும். குச்சியில் மாட்ட வேண்டும். தேர்த்திருவிழாக் கடைகளில் தொங்குமே, அதேதான்.

"மாப்ள, நீங்க சொன்னபடியே!" என்றான் மதன்குமார். "வெட்டுக்குத்து இல்ல, நெட்டு இல்ல, சார்ஜே வேண்டாம். நான் பெரிய வீடியோ கேமே எடுத்துப்போட்டேனுங்க. தங்கச்சிதான், மாப்ள கண்டிசனுக்கு ஒத்து வராதுன்னு திருப்பிக் குடுக்கச் சொல்லிப்போட்டா."

சபையில் மாமன் சீரைக் குறை சொல்ல முடியுமா? நஞ்சுண்டன் பல்லைக் காட்டினான்.

"அப்பன்னா இப்படியல்ல இருக்கோணும்!" என்றார் கருப்பாத்தாள் பெரியம்மா. அவனிடம் வகுப்புக் கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியில் வேனில் ரித்திகா டப்பாவை மடியில் வைத்தபடி தூங்கிப்போனாள். இந்த உதவாக்கரைச் சாமானில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக நஞ்சுண்டன் அதை மெல்ல உருவினான். அமுக்கினான். பொள்ளாச்சி போனது தெரியவில்லை. நான்கு வளையம் மாட்டிவிட்டது. மிச்சம் ஒன்று. நாக்கைத் துருத்திக்கொண்டு, வேன் வளைந்த பக்கமெல்லாம் வளைந்துகொண்டு, மூச்சைப் பிடித்துக் கடைசி வளையத்தைக் குச்சியின் முனைக்கே கொண்டுவந்துவிட்டான்.

பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு டப்பாவைப் பிடுங்கியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், அம்மணி!"

"அரை மணி நேரம் ஆயிருச்சுங்க" என்றாள் அன்புச்செல்வி. "மிச்சத்த நாளைக்கு, பாப்பா ஆடி முடிச்சதுக்கப்பறம் ஆடிக்குங்க."