இசட் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோடு

இசட் புள்ளி என்றால் என்னவென்று விளங்கிக்கொண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளையை நான் இதுவரை சந்தித்ததில்லை. எழுதுவோம், பாஸாவோம், பெயிலாவோம், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்து அழுவோம். ஆனால் கொழும்பில் யாரோ எதையோ எதாலோ பிரித்து, தசத்துக்குப் பின்னால் நாலு இலக்கத்தோடு அனுப்பி வைக்கும் அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சாமியைப் பற்றிக் கேட்ட மாதிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நான் மட்டும் நகரவில்லை. எனக்கு அது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மைக் பிடித்து ஊருக்கே விளக்கமும் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்துச் சேர். டிக்கோயாவில் அறை எடுத்துத் தங்கி எங்களுக்குக் கலைப் பிரிவு எடுத்தார். ஒரு நாள் கரும்பலகையில் மலை மாதிரி ஒரு வளைவு வரைந்தார்.

"பிள்ளையள், எத்தினை புள்ளி எடுத்தீங்கள் எண்டது பெரிசில்லை. மற்ற ஆக்களுக்குள்ள நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டதுதான் கணக்கு. பேப்பர் கஷ்டமா வந்தா எல்லாருக்கும் குறையும். அப்ப கொஞ்சப் புள்ளி எடுத்தவனும் மேல நிப்பான்."

அதுவரைக்கும் கண்ணும் கருத்துமாகக் கேட்டேன். சேர் வளைவின் மறுபக்கத்துக்குப் போகும்போது வெளியே மழை, வகுப்புக்குள் கதகதப்பு, எனக்குக் கண் சொருகிவிட்டது. (நான் நிற்கப்போவதே அந்த மறுபக்கத்தில்தான் என்று யாருக்குத் தெரியும்?)

எங்கள் வீடு நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தது. அப்பாவுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தார். ரிசல்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையைத் தோட்டத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம்; இல்லாவிட்டால் பேர் பதிவு. பேர் பதிவது என்றால் தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியாகப் பெயரை ஏற்றிவிடுவது. ஏறிய பெயர் லேசில் இறங்காது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களை மலைக்குப் பிரித்துவிடும் கண்டாக்கு ஐயா, அம்மாவைக் கண்டால் அதைக் கேட்காமல் விடமாட்டார். "என்னம்மா, ரிசல்ட் வந்துருச்சா? மகளுக்கும் ஒரு கூடை எடுத்து வைக்கவா?" கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டுக்குத்தான் கேட்பார். அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு மலை ஏறிவிடுவார். என் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறக்கூடாது என்பதைத் தவிர அம்மா வாழ்க்கையில் வேறெதையும் பெரிதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்று காலையிலேயே தண்ணித் தாங்கி மேட்டில் ஏறி நின்றேன். எங்கள் பக்கத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். கை விறைக்க விறைக்கச் பரீட்சைச் சுட்டெண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். இங்கிலீஷில் பதில் வந்தது. தமிழ், ஒரு கோடு, எஸ். இந்து நாகரிகம், ஒரு கோடு, எஸ். அரசறிவியல், ஒரு கோடு, எஸ். கடைசியில் இசட் ஸ்கோர், ஒரு கோடு, ஒன்று தசம் ஒன்று என்று தொடங்கும் இலக்கம். அதோடு செய்தி அறுந்துவிட்டது. மாவட்ட நிலை, தீவு நிலை எல்லாம் இருந்த மீதிப் பாதி பனிக்குள் எங்கேயோ நின்றுவிட்டது.

எஸ் என்றால் சாதாரண சித்தி. தட்டுத்தடுமாறிப் பாஸ். மூன்று எஸ்ஸைக் கண்டதும் போனைப் பைக்குள் போடப் போனேன். பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தேன். ஒன்று தசம் ஒன்று! எங்கள் மாவட்டத்துக்குப் போன முறை வந்த வெட்டுப்புள்ளியைவிடக் கூட. அந்த இடத்தில் என் மூளை, பரீட்சை மண்டபத்தில் ஒரு நாளும் செய்யாத வேகத்தில் வேலை செய்தது. பேப்பர் கஷ்டமாக வந்திருக்கிறது. நாடு முழுக்க எஸ்கூடக் கிடைக்காமல் அழுதுகொண்டிருக்கிறது. நான் மூன்று எஸ்ஸோடு உச்சியில் நிற்கிறேன். சேர் சொன்னது இதைத்தான். (நாட்டை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.) அந்தக் கோட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எல்லாப் பாடத்துக்கும் ஒரு கோடு போட்டவர்கள் இதற்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே?

பகல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அம்மா தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

"அம்மா, கெம்பஸ் கெடைச்சிருச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாம்மா."

அம்மா கூடையை இறக்கி வைத்தார். தராசுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்ற கண்டாக்கு ஐயாவைப் பார்த்து, அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஐயா, எம்மகளுக்கு ஒரு கூடை எடுத்து வைக்கிறேன்னீங்கள்ல. அத உங்க வீட்டுலயே வச்சுக்குங்க. எம்புள்ள பேரு ஏறுற புத்தகம் வேற எடத்துல இருக்கு."

பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். ஐயாவும் சிரித்து, "ரொம்ப சந்தோசம்மா" என்றார், ஆனால் முகம் சிவந்துபோனது. அம்மா பகலுக்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான், அரைப்பேர். அதைப் பற்றிக் கவலையே படாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். அப்பா கொழும்பில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டொபி கொடுத்தாராம்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்கும். இளைஞர் மன்றத்துக்காரர்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பாராட்டு விழா என்று முடிவு செய்து, ஹட்டனில் பெனர் அடித்து வந்து கட்டினார்கள். 'எமது தோட்டத்தின் முதல் பட்டதாரியை வாழ்த்துகிறோம்.' (பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.) அதில் இருந்தது என் அடையாள அட்டைப் படம். ஒரு கண் பாதி மூடி, இப்போதே படித்துக் களைத்துவிட்ட மாதிரி இருந்தேன்.

பிரதம விருந்தினர் எங்கள் சேர். அவர் வந்து சேருவதற்குள் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் அரை மணித்தியாலம் பேசினேன். தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும் என்றேன். வெறுமனே பாடமாக்கிப் பயனில்லை, விளங்கிப் படிக்க வேண்டும் என்றேன். இசட் புள்ளி என்றால் என்னவென்று கையால் காற்றில் மலை வரைந்து காட்டினேன். "எஸ் எடுத்தவங்கள யாரும் கேவலமா நினைக்காதீங்க. எஸ்ஸோட மதிப்பு வெளங்கினவங்களுக்குத்தான் வெளங்கும்" என்றுகூடச் சொன்னேன். முன்வரிசையில் அம்மா, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையோடு, விளங்கின மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் பேசி முடிக்கும்போது சேர் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "ரிசல்டைக் காட்டும், பிள்ளை" என்றார். பெருமையோடு போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதில ஒரு கோடு நிக்குது."

"ஆமா சேர். எல்லாத்துக்கும் நிக்கிது."

"மற்றதுகளுக்குக் கோட்டுக்குப் பிறகு இடம் விட்டிருக்கு. இதுக்கு விடேல்லை. இலக்கத்தோட ஒட்டிக்கொண்டு நிக்குது." குரலை இன்னும் தாழ்த்தினார். "பிள்ளை, இது மைனஸ்."

போனை வாங்கி நானும் பார்த்தேன், ஒட்டித்தான் நின்றது. சேரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்க் கல்வியின் அவசியம், மலையகத்தின் எதிர்காலம், போக்குவரத்துச் சிரமம் என்று நல்ல விஷயங்களாகப் பேசினார். என் பெயரை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. பொய் சொல்லாமலும் என்னைக் காட்டிக்கொடுக்காமலும் ஒரு மனிதர் இவ்வளவு நேரம் பேசலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் நிமிர்ந்து சொல்ல முடியாது. கண்டாக்கு ஐயா மேடைக்கு வந்தார். பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி, அம்மாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து, அம்மா பொன்னாடையை மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கெம்பஸ் இல்லை, நான் பார்த்தது பிழை, அது மைனஸ் என்றேன். அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மைனஸ்னா என்னா?"

"சைபருக்குக் கீழம்மா."

"சைபருக்குக் கீழயும் எடம் இருக்கா?"

"இருக்கு."

அம்மா பொன்னாடையைக் கீழே வைத்தார். "நான் மூணாம் வகுப்போட நின்னவ. இந்தச் சோதனையே எழுதல. எழுதாதவளுக்கு சைபர்தானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டு வருசம் டியூசனுக்குப் போன நீ எனக்கும் கீழயா?"

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன்.

மறுநாள் பெரட்டுக்கு அம்மா போகும்போது நானும் பின்னால் போனேன். இனி என்ன, பேரைப் பதிந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா நேரே கண்டாக்கு ஐயாவுக்கு முன்னால் போய் நின்று, பையிலிருந்து பொன்னாடையை எடுத்து நீட்டினார். அன்றைக்குத் தராசடியில் சிரித்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, எம்புள்ளைக்குக் கெம்பஸ் கெடைக்கல. தப்பாப் பாத்துட்டா. நான் அன்னைக்குப் பேசுனது வாய்க்கொழுப்பு, மன்னிச்சிருங்க. இத நீங்களே வச்சுக்குங்க. ஆனா அவ பேர மட்டும் எழுதாதீங்க. இன்னொருக்கா சோதனை எழுதுவா."

ஒரு வரியை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவள் நான். அதற்காக அத்தனை பேருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டது அம்மா. அந்த இடத்தில் நின்ற வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா பொன்னாடையை வாங்கவில்லை. "நீயே வச்சுக்கம்மா. அடுத்த வருசம் புதுசா ஒண்ணு தேடி என்னால அலைய முடியாது" என்றார். நல்ல வார்த்தைதான். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அட்டைக்கடிக்கும் செங்குத்துக்கும் பேர்போன மேல்மலைக்கு அம்மாவை அனுப்பினார், அந்த மாதம் முழுக்க. அம்மா இரவில் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்தபடி நான் படித்தேன். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் எனக்குக் கண் சொருகியதில்லை.

இரண்டாம் முறை ரிசல்ட் வந்தபோது தண்ணித் தாங்கி மேட்டுக்கு அம்மாவும் ஏறி வந்தார்.

"கோடு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். இல்ல."

"அப்ப எத்தன?"

"சைபர் தசம்..." என்று தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்ல விடவில்லை.

"சைபரா? அப்பாடா, எனக்குச் சமமா வந்துட்ட."

அந்தப் புள்ளிக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, கல்வியியற் கல்லூரி கிடைத்தது. இப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ரிசல்ட் நாளில் பிள்ளைகள் போனை நீட்டினால் முதலில் கோட்டைத்தான் தேடுவேன். செக்ரோலில் என் பெயர் ஏறவே இல்லை. ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று கேட்டபோது அம்மா, "ஒரு வருசம் எனக்குக் கீழ இருந்தா. அப்புறம் சமமா வந்துட்டா" என்று சொல்லிவிட்டார். முழுக் கதையையும் சொல்லாமல் அவர்களை அனுப்ப முடியவில்லை.

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. சோறு குழைந்தாலோ, பஸ்ஸைத் தவறவிட்டாலோ, என் மாமியார் இன்றைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடுகிறார்: "சம்பந்தி, உங்க மக மறுபடியும் உங்களுக்குக் கீழ போயிட்டா."