கரடிக்குட்டிக்கு வந்த வெள்ளைப் பல்

ஒரு காட்டில் செவ்வந்தி என்று ஒரு கரடியம்மா இருந்தாள். மகள் மயிலி அழுதால் ரப்பர் நிப்பிளைத் தேனில் முக்கி வாயில் வைத்துவிடுவாள். பிள்ளை சப்பிக்கொண்டே தூங்கிப்போகும், அவளும் வீட்டு வேலையை முடித்துவிடுவாள். குறை சொல்லக் கூடாது, கரடிக்கும் கை ரெண்டுதானே.

மயிலி பள்ளிக்கூடம் போகும் வயதில் முன்பல் நாலும் கறுத்துக் கரைந்து போயிருந்தன. குரங்குப் பிள்ளைகள் "அடுப்பு வாயி" என்று கூப்பிட்டார்கள். அன்றோடு மயிலி வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். சிரிப்பு வந்தாலும் விழுங்கிக்கொண்டாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்குக் கரடி வேஷம். உறுமச் சொன்னால் மூக்கால் உறுமினாள்.

"இவ வாயைத் திறக்கலைன்னா வேஷத்தை நரிக்குத்தான் குடுக்கணும்" என்றார் ஆமை டீச்சர்.

கரடி வேஷம் நரிக்கா? செவ்வந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் மரங்கொத்தியிடம் ஓடினாள். டோக்கன் வாங்கி, முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் நுனியில் உட்கார்ந்திருந்து, உள்ளே போனாள்.

"பால் பல்லுதானே டாக்டர், தானா விழுந்து முளைச்சிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க."

"விழறதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் பிள்ளை சிரிக்காமலே இருக்கட்டுமாம்மா?"

செவ்வந்தி பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்தாள். மரங்கொத்தி மரத்துப்போக மருந்து வைத்து, சொத்தையைச் சுரண்டி எடுத்து, நாலு பல்லுக்கும் உறை மாதிரி வெள்ளை கேப் மாட்டினார். "அந்தத் தேன் நிப்பிளைத் தூக்கிப் போடுங்க. படுக்கிறதுக்கு முன்னாடி பல்லைத் தேய்ச்சு விடுங்க."

விழாவில் மயிலி வாயை அகலமாகத் திறந்து உறுமினாள். முயல் பயந்துபோய் மேடையிலிருந்து உருண்டது. உறுமி முடித்த பிறகும் மயிலி வாயை மூடவில்லை, சிரித்துக்கொண்டே நின்றாள்.

அந்த வெள்ளைப் பல்லைப் பார்த்த குரங்கம்மா காந்திமதிக்குத் தூக்கம் போச்சு. மறுநாளே மகனை இழுத்துக்கொண்டு மரங்கொத்தியிடம் போனாள்.

"உங்க பையன் பல்லு நல்லாத்தானேம்மா இருக்கு. கேப் போடுறது சொத்தைப் பல்லுக்கு."

அங்கிருந்து நேராகச் செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள். "ஏக்கா, பிள்ளைக்கு அப்படி என்னதான் குடுத்து வளர்த்தீங்க?"

"தேன் நிப்பிள்தான் காந்திமதி. ஆனா டாக்டர் அதை..."

காந்திமதி மீதியைக் கேட்க நிற்கவில்லை. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அந்த வாரமே காட்டில் தேன் தட்டுப்பாடு.

அடுத்த ஆண்டு விழாவில் பிள்ளைகள் எல்லோரும் மரங்கொத்தி மாட்டிய புது வெள்ளைப் பல்லோடு வரிசையாக நின்றார்கள். ஒழுங்காகப் பல் தேய்த்துவந்த அணில்குட்டி மட்டும் சொந்தப் பல்லோடு நின்றது. போட்டோ எடுக்க வந்த கொக்கு அதைக் கூர்ந்து பார்த்தது.

"நீ மட்டும் சிரிக்காத பாப்பா, படம் கெட்டுடும்."

அணில்குட்டி தலையைத் தொங்கப்போட்டது. அதன் அம்மா கூட்டத்தில் ஒளிந்துகொண்டாள். "மஞ்சப் பல்லு, மஞ்சப் பல்லு" என்று முதலில் சிரித்தது மயிலிதான்.

நீதி: பிள்ளைக்கு ஒழுங்காகப் பல் தேய்த்துவிட்டு அதன் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள்.