மகாராணிக்காக மீறிய பட்டயம்

திருகோணமலையில் இங்கிலாந்தின் பழைய அரசர்களோடு தினமும் சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் பட்டயம் அண்ணன்தான்.

துறைமுகப் பக்கம் ஓட்டோ ஓடிக்கொண்டே பல்கலைக்கழகம் போகாமலே எழுதும் வெளிவாரிப் பட்டத்துக்கு இங்கிலாந்து வரலாறு படித்தார். கலைச்சொற்களை மனனம் செய்ய அவர் கண்ட வழி, அவற்றால் ஊரை ஏசுவது. பொதுக்காணியில் யாராவது கம்பி இழுத்தால், “வேலியடைப்பு!” பால்மா ஒரே கடையில் மட்டும் கிடைத்தால், “ஏகபோகம்!” என் ஒன்றரை வயது மகள் வீதியில் உருண்டு அழுதால் கைகட்டி நிற்பார்.

“மகாராணியாருக்குத் தெய்வீக உரிமை, தங்கச்சி. கேள்வி கேட்க ஏலாது.”

நானும் வரலாறு படித்தவள். சிரிப்பதா, திருத்துவதா என்று அவருடைய ஓட்டோவில் யோசித்து முடிப்பதற்குள் வீடு வந்துவிடும்.

அந்தக் கால அரசர்கள் வணிகச் சங்கங்களுக்கு எழுதிக் கொடுத்ததுபோல, ஓட்டோத் தரிப்பிடத்துக்கும் ஒரு பட்டயம் எழுதி மரத்தில் கட்டியிருந்தார். முதல் வண்டிக்கே முதல் ஆள். ஓட்டுநர் தொழுகைக்குப் போனாலும் அவருடைய முறை அவருக்கே. மீறினால் ஒரு கிழமை, ஏழு நாளும், எல்லாருக்கும் பின்னால்.

ஒரு மத்தியானம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்து போதவில்லையோ, காலையிலேயே புறப்பட்டிருக்க வேண்டுமோ என்று தவித்தபடி தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் முன்னால் நின்றது, கிண்ணியாவிலிருந்து வந்து ஓட்டோ ஓடும் நானாவின் வண்டி. நானா பள்ளிவாசலில். அடுத்தது பட்டயம் அண்ணன்.

மரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“ஏறுங்கோ! இது அரச சிறப்புரிமை!”

ஆஸ்பத்திரியில், பயமில்லை, சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். திரும்பி வந்தபோது நானா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“சட்டம் போட்டவனே மீறினா, உன்ட புத்தகத்தில அதுக்கு என்னடா பேர்?”

“கொடுங்கோன்மை, நானா.”

“சும்மா கேட்டன்டா. பிள்ளைக்குத்தானே, விடு.”

“ஏலாது, நானா.” வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், நிழல் எட்டாத வரிசைக் கடைசியில் விட்டார்.

அந்தக் கிழமை எனக்குப் போகவேண்டிய இடமே இருக்கவில்லை. ஆனாலும் காய்ச்சல் விட்ட மகளோடு தினமும் வந்தேன். “எனக்கு அவசரமில்லை, நீங்க போங்கோ” என்று மற்றவர்களை முன்னால் ஏற்றிவிட்டு, எல்லா வண்டிகளும் போய் அவருடைய முறை வரும்வரை குடை பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.