பித்தப்பைக் கல்லுக்கு என்ன ரேட்?

"பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க சார். டாக்டர் பார்த்துட்டுத்தான் சொல்லுவாரு" என்றது போனில் ஒரு பெண் குரல்.

மருதாசலம் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "பாத்தியா முத்தாயி? மொதல்ல லோடை ஏத்துங்க, அப்பறம் வாடகையைச் சொல்றேங்கறா."

முத்தாயம்மாள் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, லோடு நானுங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மருதாசலம் சங்ககிரியில் முப்பது வருடமாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். எந்த ஊருக்கு டன்னுக்கு எவ்வளவு வாடகை என்பது காலையில் பல் விளக்குவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். ரேட் சொல்லாத மனிதனை அவர் இதுவரை நம்பியதில்லை. ரேட் சொன்னவனையும் பாதிதான் நம்பியிருக்கிறார்.

முத்தாயம்மாளுக்குப் பித்தப்பையில் மூன்று கல். இரண்டு தடவை வலி வந்து சுருண்டுவிட்டாள். மூன்றாவது வலி வருவதற்குள் எடுத்துவிடுங்கள், விட்டால் ஆபத்து என்று ஸ்கேன் எடுத்த டாக்டர் சொல்லி எட்டு நாள் ஆகிவிட்டது. எட்டு நாளும் மருதாசலம் போனில்தான் இருந்தார்.

"பெரியாஸ்பத்திரில சும்மாவே எடுக்கறாங்களாமுங்க."

"சும்மா எடுக்கறான்னா எதுக்குன்னு யோசிக்கோணும்."

"காசு கேட்டா எவ்வளவுன்னு யோசிக்கறீங்க, கேக்காட்டி எதுக்குன்னு யோசிக்கறீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

மறுநாள் அவரே சேலம் போனார். முதலில் பெரிய லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரி. கவுண்டரில் இருந்த பெண் ரேட்டைச் சொல்வதற்கு முன், "இன்சூரன்ஸ் இருக்குங்களா சார்?" என்று கேட்டாள்.

"எதுக்குங்க?"

"இருந்தா ஒரு பேக்கேஜ், இல்லாட்டி ஒரு பேக்கேஜ்."

"கல்லு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்களே?"

அவள் சிரித்துவிட்டு, "அறுபதுல இருந்து தொண்ணூறுக்குள்ள வரும் சார்" என்றாள்.

முப்பதாயிரம் வித்தியாசம் வைத்து ஒருத்தன் ரேட் சொன்னால், அவன் நம்முடைய சட்டையைப் பார்க்கிறான் என்று அர்த்தம். மருதாசலம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பையில் கேமராபோன் வேறு எட்டிப் பார்த்தது.

அடுத்த நாள் கட்டம்போட்ட லுங்கியும், டிரைவர் தங்கமுத்துவின் காக்கிச் சட்டையுமாகக் கிளம்பினார். இந்தத் தடவை வாசலில் மீன்தொட்டி வைத்த ஆஸ்பத்திரி. உண்மையான பார்ட்டி யாரென்று காட்டிக்கொள்ளாமல் ரேட் கேட்பதுதான் லாரித் தொழிலின் முதல் பாடம்.

"யாருக்குங்க கல்லு?"

"எனக்குத்தானுங்க."

"வலி இருக்குதுங்களா?"

"ரொம்பவுங்க" என்றார், நம்பவேண்டுமே என்று.

அவ்வளவு வேகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டே நிமிடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். சாயங்காலம் தன் பெயர் எழுதிய ஃபைலோடும் ஒரு பை மாத்திரையோடும் வீடு வந்து சேர்ந்தார்.

"ரேட் கேட்டீங்களா?" என்றாள் முத்தாயம்மாள்.

"சொல்ல மாட்டேனுட்டாங்க."

"ஏனுங்க?"

"எனக்குக் கல்லு இல்லியாம்." மாத்திரைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "சக்கரை இருக்குதாம்" என்றார்.

மகள் ஜெயப்பிரியா எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்கப்பா, இப்படியா அலையறது? எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஸ்டாருன்னு நெட்லயே போட்டிருக்குதே" என்று போனை நீட்டினாள்.

மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "பதினேழு பேரு ஒரே நாள்ல, 'அன்பான கவனிப்பு'ன்னு எழுதியிருக்கறாங்க. பதினேழு பேருக்கும் ஒரே வாயா சாமி?"

"ஒருத்தரு ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்கறாரு பாருங்க."

"என்னவாம்?"

"வண்டி நிறுத்த எடமில்லையாம்."

"அவன் ஒருத்தன்தான் நெசம் பேசறான்."

நிஜம் பேசுகிறவர்களைத் தேடி, மூன்றாவது ஆஸ்பத்திரியின் கேட்டில் போய் நின்றார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், எல்லாவற்றுக்கும் மாடிப்படி. டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வருகிறவர்களை மடக்கி மடக்கிக் கேட்டார். "எங்கம்மாவுக்காக ஒரு லட்சம் செலவு பண்ணினேனுங்க" என்று ஒருவன் ஊருக்கே கேட்கும்படி சொன்னான். பின்னால் வந்த அம்மா, "நாப்பதுகூட ஆகலீங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

வாட்ச்மேன் வந்து தோளைத் தொட்டான். "நீங்க எந்த ஆஸ்பத்திரி ஆளு?"

"நான் எந்த ஆஸ்பத்திரியும் இல்லீங்க."

"எல்லா புரோக்கரும் இதைத்தான் சொல்லுவான். நடங்க, நடங்க."

மருதாசலத்துக்கு அவமானமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்ததில் லேசான மரியாதையும் வந்தது. அந்த வாட்ச்மேன் யாரையும் நம்புவதில்லை. நல்ல ஆள்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானூறு பேர் இருக்கிறார்கள். தினமும் காலையில் அதில்தான் வாடகை ரேட் வருகிறது. அதிலேயே கேட்டுவிட்டார்: "பித்தப்பைக் கல் எடுத்த குடும்பத்தார் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆச்சு, மறுபடி போக வேண்டி வந்ததா என்று தெரிவிக்கவும். உண்மையை மட்டும் சொல்லவும். வாடகை மாதிரி கூட்டிச் சொல்ல வேண்டாம்."

மத்தியானத்துக்குள் அறுபத்தோரு பதில் வந்தது. தமிழ்நாட்டு லாரிகளில் இத்தனை கல் ஓடிக்கொண்டிருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஜெயப்பிரியா உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டம் போட்டு லிஸ்ட்டாக்கினாள். ஒன்பது ஆஸ்பத்திரி. லிஃப்ட் வைத்தது எண்பத்தி ரெண்டாயிரம். மீன்தொட்டி எழுபத்தி எட்டு. மாடிப்படி முப்பத்தி எட்டு. அங்கே ஆபரேஷன் முடிந்து மறுபடி ஓடியவர் ஒருவர்கூட இல்லை.

"குரூப்ல மட்டும் போடு. வெளிய போகக் கூடாது" என்றார்.

"நானூறு பேருக்குப் போட்டா வெளிய போகாதுங்களாப்பா?"

"அவிய எல்லாம் நம்ம ஆளுக."

"அப்படீன்னா நாளைக்கே போயிரலாமுங்களா?" என்றாள் முத்தாயம்மாள்.

"இரு. லிஸ்ட்டு சரியான்னு பாக்கோணுமல்ல?"

தான் போட்ட லிஸ்ட்டையே அவர் ஒரு வாரம் சந்தேகப்பட்டார். மாடிப்படி ஆஸ்பத்திரிக்கு நான்கு பேர் பெயரில், நான்கு குரலில் போன் செய்து பார்த்தார். நான்கு தடவையும் முப்பத்தெட்டு என்றுதான் சொன்னார்கள். இதற்குள் அந்த லிஸ்ட் ஓமலூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வழியாக அவருக்கே திரும்பி வந்தது. அயோத்தியாப்பட்டணத்துக் கொழுந்தியாள், "மாமா, யாரோ வெவரமான ஆளு போட்டிருக்கறாங்க, பாத்தீங்களா?" என்று அனுப்பியிருந்தாள். மருதாசலம் அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். முத்தாயம்மாளால் அரை இட்லிகூட இறக்க முடியவில்லை.

மறுநாள் காலை மூன்றாவது வலி வந்தது. முகம் வெளுத்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மருதாசலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெயப்பிரியாதான் கார் பிடித்தாள். வழியெல்லாம் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல முத்தாயி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதை அவரே நம்பவில்லை.

மாடிப்படி ஆஸ்பத்திரியில் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா செப்டிக் ஆயிருக்கும். இன்னைக்கே எடுத்துடறேன், பயப்படாதீங்க" என்றார். ரெண்டு மணி நேரத்தில் வெளியே வந்து, பஞ்சில் சுற்றிய மூன்று கல்லைக் காட்டினார். முத்தாயம்மாள் கண் விழித்து, "ரேட் கேட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் மருதாசலத்துக்கு மூச்சு வந்தது.

பிழைத்துவிட்டாள், அதுவும் லிஸ்ட்டிலேயே கம்மி ரேட்டில். ஜென்மத்தில் முதல் தடவையாக, பேரம் பேசும் எண்ணமே இல்லாமல் கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்த அமுதவல்லி என்ற பெண் பில்லை நீட்டினாள்.

எழுபத்தி ஐந்தாயிரம்.

"ஏம்மா, முப்பத்தெட்டுதானே? போன வாரம் போன்லகூட அதைத்தானே சொன்னீங்க?"

அமுதவல்லி அக்கம்பக்கம் பார்த்தாள். தன் போனை எடுத்து, ஜெயப்பிரியா போட்ட கட்டங்களை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"எங்க டாக்டரு இத்தனை வருசமா ஊர்ல எல்லாரும் முப்பத்தெட்டுதான் வாங்கறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தாருங்க, எந்தப் புண்ணியவானோ இந்த லிஸ்ட்டைப் போட்டு அவரு கண்ணைத் தொறந்துட்டாருங்க."