பேஸ்ட் மட்டும் நன்றாக வைத்தவன்

மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் எது கெட்டாலும், அதில் கடைக்காரன் கை பட்டால் தங்கள் மானம் போய்விடும் என்று நினைப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் பதினோரு வருடம் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் பார்த்த எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

என் மனைவி ஸ்டெல்லா, கம்ப்யூட்டரில் வீடுகளை முப்பரிமாணத்தில் வரையக் கற்றிருந்தாள். அதற்காகவே ஒரு பழைய கேமிங் லேப்டாப் வாங்கினாள். சென்னைக் கம்பெனி ஒன்று மாதிரிக்கு ஒரு வீடு வரைந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. முக்கால் வீடு எழும்பியபோது லேப்டாப் சூடேறி, தானாக அணைய ஆரம்பித்தது.

"புதுவாயல் கடையில குடுத்துடலாம். தூசி தட்டி, உள்ள பேஸ்ட் மாத்தி, சாயங்காலமே குடுத்துடுவாங்கோ," என்றாள் சனிக்கிழமை.

"அப்ப நான் இன்னாத்துக்குக் கீறேன்? ஃபேக்டரி காத்துல ஒரே அடி. தூசி ஆந்திராவுல போய் வுழும்."

"ஒழுங்கா செய்வியா?"

"என்னிய இன்னான்னு நெனச்சுகினு கீற?" (அவள் சரியாகத்தான் நினைத்திருந்தாள்.)

ஞாயிறு காலை அவளை மட்டும் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, லேப்டாப்போடு ஆலைக்குப் போனேன். ஆலை விடுமுறை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காற்றை அழுத்தினால் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். அதை வடித்த பிறகுதான் காற்றை எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு தினமும் இதைத்தான் ஓதுகிறேன். வீட்டிலும் ஓதியிருக்கிறேன். (ஓதுகிறவன் காதிலும் விழ வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?)

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, காற்று ஹோஸைத் திறந்தேன். தூசி பறந்தது. கூடவே எண்ணெய் கலந்த தண்ணீரும் பீய்ச்சி அடித்தது. "தண்ணிதானே" என்று மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி எடுத்தேன். அடுத்து பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டைச் செம்புத் தகட்டுக்குக் கடத்தும் பசை. சுண்ணாம்பாகக் காய்ந்திருந்த பழையதைத் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவில் நட்டநடுவில் வைத்தேன். எங்கள் கல்யாண கேக்கைக்கூட நான் அவ்வளவு கவனமாக வெட்டவில்லை. போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஸ்டெல்லா சுவிட்சைத் தட்டினாள். விசிறி ஒரு சுற்று சுற்றியது. உள்ளே ஏதோ பொரிந்தது. கருகிய வாடை வந்தது. அவ்வளவுதான்.

அவள் கத்தவில்லை. "தண்ணிய வடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். பதினோரு வருட அனுபவம், பேஸ்ட் போட்டோவை எடுத்து நீட்டியது.

திங்கட்கிழமை புதுவாயல் கடை திறந்ததே பத்தரைக்கு. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேஸ்ட் சூப்பரா வெச்சுகிறீங்கண்ணே. போர்டுதான் பூட்ச்சு," என்றார். ஸ்டெல்லா கெஞ்சிப் பேசியும் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மாமியார் வீட்டில் நான் ஒரு பல்பு மாட்டினால்கூட மச்சான், "மாமா, பேஸ்ட் நல்லா வெச்சீங்களா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஸ்டெல்லா இப்போது எங்கள் ஆலைக்குப் பக்கத்து ஆலையில், எடைமேடைக் கம்ப்யூட்டரில் லாரி நம்பர் தட்டுகிறாள். முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, எங்கள் ஊர் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில், கோணலாகத் தொங்கிய அவளுடைய ஐடி கார்டை நான் நேராக்கிவிட்டேன். குனிந்து அதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வெச்சுகிற," என்றாள். ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.