பாலுக்குள் முக்க வந்த வீணை

போடிநாயக்கனூர்,
ஆடி மாதம், 1955

அன்பு மைத்துனன் அழகுமலைக்கு,

காசிராஜன் எழுதிக்கொண்டது. மதுரையில் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மீனாட்சி துணை நிற்கட்டும். இங்கே உன் அக்கா சுகம், பிள்ளைகள் சுகம், எருமைகூட சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. காரணம் நீ.

தை மாதம் மதுரைக்கு ஏலக்காய் விற்க வந்த போடிமெட்டு எஸ்டேட் துரையிடம், "எங்க மச்சான் புதுச்சேரியில இருந்தவரு, பிரெஞ்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொன்னது யார்? புதுச்சேரியில் நான் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவன் மாப்ளே! எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி', பிறகு விலையைக் கேட்டதும் வெள்ளைக்காரிகள் உதிர்க்கும் ஒரு வசவு, அவ்வளவுதான்.

அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியபோது துரை சீஸ் செய்யும் சாமான்களை வாங்கி வந்துவிட்டார். சீஸ் என்றால், பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கி, நாறும்வரை வைத்திருந்து தின்கிற பண்டம். கூட வந்த விளக்கப் புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. அதை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் ஜக்கையன் ஜீப்பில் வந்து நின்றார். தெரியாது என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தொரையோட அண்ணன் சீமையில இருந்து வர்றாரு அண்ணே. அதுக்குள்ள சீஸு ஆகலைன்னா என்னைய மலைய விட்டு எறக்கிருவாரு. மகளுக்கு இப்பத்தான் நிச்சயம் பண்ணிருக்கேன்" என்றார். அதற்கு மேல் நான் எப்படி மறுப்பேன்?

ஒரு பாதிரியாரிடம் அகராதியை இரவல் வாங்கி உட்கார்ந்தேன். அந்த அகராதியை எழுதியவன் மாட்டுக்கொட்டம் பக்கமே போகாதவன். 'லீர்' என்று ஒரு சாமான். நரம்புகள் கட்டிய இசைக்கருவி என்று போட்டிருக்கிறான். நானும் 'பால் உறைந்ததும் இசைக்கருவியை உள்ளே விட்டு மெதுவாக ஓட்டவும்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஜக்கையன் யாரோ பாகவதர் வீட்டு வீணையை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "அண்ணே, இதைக் கொடத்தோட முக்கணுமா, தந்தி மட்டும் நனைஞ்சாப் போதுமா?" எஸ்டேட்டுக்குப் போய்ச் சாமான் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால், சட்டத்தில் கம்பி இழுத்துக் கட்டிய ஒரு சாமான் கிடக்கிறது. உறைந்த பாலை அறுப்பதற்காம்! பாகவதர் பிழைத்தார்.

அடுத்து 'மூல்'. அச்சு என்றும் அர்த்தம் உண்டு, சிப்பி என்றும் உண்டு. என் கண்ணில் பட்டது சிப்பி. துரை கொச்சிக்கு ஆள் விட்டு ஒரு கூடை கல்லுமேக்காய்ச் சிப்பி இறக்கினார். ஜக்கையன் அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "பாலை எப்படிண்ணே ஊத்துறது? வாயத் தொறக்க மாட்டேங்குதே" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் சீஸைப் பழுக்கவைக்கும் இடம். 'காவ்' என்று ஒரு சொல், இங்கிலீஷில் குகைக்கு எழுதுகிற அதே எழுத்துகள். ஒரு சொல்லாவது ஒத்துப்போகிறதே என்ற சந்தோஷத்தில் அகராதியைத் திறக்கவே இல்லை. நிலவறை என்று பிறகுதான் தெரிந்தது. துரை ஆள் போட்டு மலையில் ஒரு குகையைத் துப்புரவு செய்ய, கலைந்த வௌவாலெல்லாம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையில் விழுந்ததாம். "எந்த எடுபட்ட பய இதை எழுதிக் குடுத்தது?" என்று அவர்களில் ஒருத்தி, இருளம்மாள், மெட்டே அதிரக் கேட்டிருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், எந்தப் பய என்று.

போன வாரம் அண்ணன் துரை வந்தார். குகையிலிருந்து எடுத்த சீஸில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. ஜக்கையன் மூட்டை முடிச்சைக் கட்டி வைத்துவிட்டார். அண்ணன் துரையோ அதை மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தின்று, இப்படி ஒரு ருசி பிரான்சில்தான் கண்டேன் என்றாராம்! ஜக்கையன் வேலை தப்பியது, என் நிம்மதி போயிற்று. இப்போது மலையில் எனக்குப் பிரெஞ்சுப் பண்டிதர் என்று பெயர். எவனாவது பிரெஞ்சுக்காரன் வந்து நின்றால் நான் எங்கே போய் ஒளிவேன்? உடனே துரைக்கு ஒரு வரி எழுது, மச்சானுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று. வெரசா எழுது. இனி எவனுக்கும் எந்த பாஷையும் தெரியும் என்று எவரிடமும் சொல்லாதே.

பாண்டியம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. கோபத்தில் எழுதினாலும் ஆசியில் குறை வைக்கவில்லை.

இப்படிக்கு,
காசிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜக்கையன் வந்துவிட்டார். மூணாறு பக்கம் துரையின் சிநேகிதர் வெண்ணெய் எந்திரம் வாங்கியிருக்கிறாராம். புத்தகம் முழுக்க ஜெர்மன். "ஜெர்மன் தெரியுமாண்ணே?" என்றார். எனக்குத் தெரியாது, என் மைத்துனன் கரைத்துக் குடித்தவன் என்று உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். துரைக்கு எழுத வேண்டாம், நேரிலேயே பார்ப்பாய். உன்னை ஏற்றிப்போக ஜீப்பு மதுரைக்குக் கிளம்புகிறது, இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. மேலே குளிர் அதிகம், கம்பளி எடுத்துக்கொள்.